ஆல் பாஸ்

எங்கள் நகராட்சியின் மாதாந்திர மன்றக் கூட்டம் மிஞ்சிப்போனால் முக்கால் மணி நேரம். அதில் பாதி வாழ்த்துப் பாட்டுக்கும் இரங்கல் தீர்மானத்துக்கும் தலைவருக்குப் பொன்னாடை போர்த்துவதற்கும் போய்விடும். பிறகு தலைவர் அஜெண்டா கட்டைக் கையில் தூக்கிப் பிடித்து, "ஒண்ணாம் பொருள்லேர்ந்து கடைசி வரைக்கும் ஆல் பாஸா?" என்பார். "ஆல் பாஸ்" என்று எல்லாரும் மேசையைத் தட்டுவோம். தெருவிளக்கு பல்பு, பிளீச்சிங் பவுடர், குப்பை லாரிக்கு டயர், ஒப்பந்தப் பணியாளர் சம்பளம் என்று ஓர் ஊரின் வரவும் செலவும் அந்த ஒரு தட்டலில் முடிந்துவிடும். பக்கத்து ஹாலில் பிரியாணிப் பொட்டலம் அடுக்கியிருப்பார்கள். பத்திரிகைக்காரர்களுக்கும் உண்டு.

எந்த நகராட்சி என்று எழுதப்போவதில்லை. ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் பஸ்ஸில் போகிறவர்கள் தங்கள் ஊர் என்றே நினைத்துக்கொள்ளட்டும், தப்பில்லை.

நான் கவுன்சிலர் ஆனது என் விருப்பத்தில் இல்லை. திருச்சியிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். என் கணவர் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். அவருடைய அப்பாவும் அங்கேதான் வேலை பார்த்தார். குவார்ட்டர்ஸில் பல வருஷம் குடியிருந்துவிட்டு, மனை வாங்கி வீடு கட்டி இந்தப் பக்கம் வந்தோம். மனையை வாங்கிக் கொடுத்தவர் என் கணவரின் அண்ணன். நான் மாமா என்று கூப்பிடுவேன். ரியல் எஸ்டேட் செய்கிறார், கட்சியில் இருக்கிறார். கவுன்சிலர் சீட்டுக்காகப் பல வருஷம் அலைந்தவர். கடைசியில் பார்த்தால் வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். அவர் மனைவிக்கு மூட்டுவலி, நாலு வீடு நடக்க முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து, "நீ சும்மா நில்லும்மா, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார். நின்றேன். ஜெயித்தேன். மத்ததை அவர் பார்த்துக்கொண்டார்.

அதாவது, கவுன்சிலர் என்று போட்டு அச்சடித்த நம்பர் அவர் கையில் இருந்த போனுக்குத்தான் போகும். நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த லெட்டர்பேடு அவர் ஸ்கூட்டர் டிக்கியில் ரப்பர் ஸ்டாம்போடு கிடக்கும். அஜெண்டா கட்டும் அவர் வீட்டுக்குத்தான் போகும். கூட்டத்தன்று காரில் ஏற்றிக்கொண்டு போவார், நான் உள்ளே உட்காருவேன், அவர் பார்வையாளர் வரிசையில் உட்காருவார். மேசையைத் தட்டுவது மட்டும் என் வேலை.

அப்படியே ஐந்து வருஷமும் ஓடியிருக்கும். ஆனால் ஒரு கார்த்திகையில் புயல் வந்தது.

ராத்திரி முழுக்கக் காற்று. காலையில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றது. அங்கன்வாடிக்குப் பின்னால், நகராட்சி பம்ப் ரூம் ஓரத்தில் நின்ற தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்து, அங்கன்வாடி சமையலறை மேல் படுத்துக்கிடந்தது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் நொறுங்கி அடுப்பு மேலேயும் பருப்பு டப்பா மேலேயும் கொட்டியிருந்தது. குழந்தைகள் உட்காரும் அறையில் சுவர் விரிசல் விட்டிருந்தது. பகலில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அங்கே நின்றவர்கள் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மரத்தின் தலைப்பாகம் காம்பவுண்டைத் தாண்டி ரோட்டில் கிடந்தது. இரண்டு நாள் கழித்து நகராட்சியிலிருந்து ஆள் வந்தார்கள். மெஷினை வைத்து ரோட்டில் கிடந்த கிளைகளை அறுத்தார்கள். காம்பவுண்டுச் சுவர் எந்த இடத்தில் தொடங்குகிறதோ, சரியாக அந்த இடத்தில் மரத்தை அறுத்துவிட்டு, மீதியை அப்படியே கட்டடத்தின் மேல் விட்டுவிட்டுப் போனார்கள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு வெட்டிய மாதிரி இருந்தது. அந்த வெட்டைப் பார்த்தபோதுதான் எனக்கு முதல்முறையாக வயிறு எரிந்தது. வேலை செய்யத் தெரியாதவர்கள் விட்டுப்போன மாதிரி இல்லை அது. ரொம்பக் கவனமாக யோசித்து விட்டுப்போன மாதிரி இருந்தது.

அங்கன்வாடியில் சமைக்கும் ஆயா இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். வாயும் பெரிது. என்னைப் பார்த்ததும் கேட்டார்.

"இன்னாம்மா கவுன்சிலரு, மரத்த பாதிய வெட்டிகினு பூட்டானுங்கோ. மீதிய யாரு எடுப்பா, நானா?"

"சொல்லிடறேன் ஆயா. எடுத்துடுவாங்க."

"யாராண்ட சொல்லுவே? உங்க மாமாவாண்டயா?"

 கடைசியில் மாமாவிடம்தான் போய்ச் சொன்னேன். "ஆகட்டும், பாக்கலாம்" என்றார். ஒரு வாரம் போனது. குழந்தைகளைச் சமுதாயக் கூடத்து வராண்டாவில் உட்கார வைத்தார்கள். அங்கே அடுப்பு இல்லை. ஆயா தன் வீட்டில் சமைத்து, பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு தெரு நடந்து கொண்டு வந்தார்.

மாமாவிடம் சொல்லாமல் நானே ஆணையரைப் பார்க்கப் போனேன். கவுன்சிலர் ஆன பிறகு அந்த அறைக்குத் தனியாகப் போனது அதுதான் முதல்தடவை. ஆணையர் என்னைவிட வயதில் சின்னவர். மரியாதையாகத்தான் பேசினார். அந்த மரியாதைதான் தாங்க முடியவில்லை.

"மேடம், அங்கன்வாடி வேற டிபார்ட்மென்ட். கட்டடம் எம்.எல்.ஏ. தொகுதி நிதியில கட்டினது. எங்க சொத்துல வரலை. நாங்க அது மேல கை வெச்சா ஆடிட்ல கேப்பாங்க."

"மரம் உங்க இடத்துல நின்ன மரம்தானே சார்?"

"நின்னப்ப எங்களுதுதான் மேடம். இப்ப அவங்க கட்டடத்து மேல இருக்கு."

சிரிக்கவில்லை. நிஜமாகவே சொன்னார். கூடவே, புயலில் நகராட்சிக்குப் பெரிய செலவாகிவிட்டது, நிதி நிலைமை சரியில்லை, வரி வசூல் மந்தம் என்று சொல்லி டீ வரவழைத்தார். நான் டீயைக் குடித்துவிட்டு வந்தேன். அந்த டீயை ஏன் குடித்தேன் என்று இப்போதும் எரிச்சலாக இருக்கிறது.

அந்த வாரத்தில்தான் ஆயா விழுந்தார். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய பள்ளத்தை அரைகுறையாக மூடியிருந்தார்கள். மேலே தண்ணீர் நின்றதில் பள்ளம் தெரியவில்லை. கொதிக்கிற சாம்பாரைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அதில் கால் வைத்துவிட்டார். சாம்பார் முழங்காலிலிருந்து பாதம் வரை கொட்டியது. சத்தம் கேட்டு ஓடினேன். அக்கம்பக்கத்தார் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். தோல் பாதத்தில் சுருண்டு நின்றது. ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

ஆட்டோவில் அவர் அழவில்லை. என்னைத் திட்டினார். வழி முழுக்கத் திட்டினார்.

"நீயெல்லாம் ஒரு கவுன்சிலரு! ஓட்டு கேக்கச் சொல்லோ என் ஊட்டு வாசல்ல குந்திகினு டீ குடிச்சே. என் கைய புடிச்சிகினு அக்கா அக்கான்னே. ஒரு மரத்த எடுக்க வக்கில்ல உனக்கு. இன்னாத்துக்கு உனக்கு அந்த நாற்காலி?"

ஆட்டோ டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.   அந்த அம்மாள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

ஆணையருக்கு ஆஸ்பத்திரியிலிருந்தே போன் செய்தேன். "ரொம்ப வருத்தமா இருக்கு மேடம். ஆனா அவங்க நம்ம ஸ்டாஃப் இல்லையே" என்றார்.

அன்று சாயங்காலம் மாமா வீட்டுக்கு வந்திருந்தார். வருகிற கூட்டத்தில் மரத்தைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றேன். சோபாவில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இந்தாம்மா, என் லேஅவுட் அப்ரூவல் தலைவர் டேபிள்ல இருக்கு. இப்பப் போய் அவரைச் சீண்டாதே. மரம் எங்க ஓடிடப் போகுது? பொங்கலுக்கு அப்புறம் பாத்துக்கலாம்."

"ஆயா கால் வெந்துடுச்சு மாமா."

"அதுக்கு? ஆயிரம் ரூபா குடுத்து அனுப்பு. நான் தரேன்."

என் கணவரைப் பார்த்தேன். தொழிற்சாலையிலிருந்து வந்த களைப்பில் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அண்ணன் சொல்றதைக் கேளேன்" என்றார், தலையைத் தூக்காமல். கையிலிருந்த கரண்டியைத் தொட்டியில் போட்டேன். பெரிய சத்தமாகத்தான் போட்டேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

கூட்டம் நடந்த நாள் நான் மாமா காரில் போகவில்லை. பஸ்ஸில் போனேன். மாமா எனக்கு முன்பே வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தலைவர் வழக்கம்போல் கட்டைத் தூக்கி, "ஆல் பாஸா?" என்றார். மேசைகள் தட்டப்பட்டன. நான் எழுந்து மைக் பட்டனை அமுக்கினேன். வேலை செய்யவில்லை. எல்லா மைக்குக்கும் சுவிட்சு தலைவர் பக்கத்தில் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மைக் இல்லாமலே கத்தினேன்.

"ஆல் பாஸ் இல்லைங்க. நான் பேசணும்."

ஹாலே திரும்பிப் பார்த்தது. அங்கன்வாடி, மரம், வெட்டிய இடம், ஆயாவின் கால் எல்லாவற்றையும் சொன்னேன்.  

தலைவர் பொறுமையாகக் கேட்டார். "நியாயமான விஷயம்தாம்மா. ஆனா அஜெண்டாவுல இல்லையே. இல்லாததை மன்றத்துல விவாதிக்க முடியாது. ரூல்ஸ்."

"அஜெண்டாவுல இருக்கறதை விவாதிக்கலாமா?"

"தாராளமா."

"அப்ப படிக்கச் சொல்லுங்க. ஒண்ணாம் பொருள்லேர்ந்து. ஒவ்வொண்ணா."

சிலர் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். "ஏம்மா, வீட்டுல படிச்சிட்டு வந்திருக்கலாமே?"

"என் வீட்டுக்கு வரலைங்க. எங்க மாமா வீட்டுக்குத்தான் போகுது. அவர் அதோ உக்காந்திருக்கார், கேளுங்க. அவரும் படிச்சிருக்க மாட்டார்."

சிரிப்பு நின்றது. பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. ஆணையர் தலைவரின் காதில் ஏதோ சொன்னார். பத்திரிகைக்காரர்கள் பேனாவைத் திறந்துவிட்டார்கள். தலைவர் கையசைத்தார், எழுத்தர் எழுந்து படிக்கத் தொடங்கினார்.

ஒரு நகராட்சியின் செலவை உரக்கப் படித்தால் எப்படி இருக்கும் என்று எங்களில் யாருக்குமே தெரிந்திருக்கவில்லை. சோடியம் விளக்குக்குச் சோக், குடிநீர்க் குழாய்க்கு வால்வு, லாரிக்கு கிளட்ச், கொசு மருந்து, கழிவறைக்கு பினாயில். நான் ஒவ்வொன்றுக்கும் எழுந்து ஏதாவது கேட்டேன். எந்தத் தெருவுக்கு, யார் பார்த்தார்கள், இதற்கு முன்னால் வாங்கியது என்ன ஆயிற்று. நிறைய கேள்வி அசட்டுக் கேள்விதான். எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாததால்தான் கேட்டேன். கைப்பையில் போன் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. மாமா. எடுக்கவில்லை.

சாப்பாட்டு நேரம் தாண்டியது. பிரியாணி வாசனை கதவு வழியாக வந்தது. எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு கவுன்சிலர் திரும்பி, "ஏம்மா, இங்க சுகர் பேஷன்ட்டெல்லாம் இருக்கோம்" என்றார்.

"போய்ச் சாப்பிட்டுட்டு வாங்கண்ணே. நாங்க படிச்சிக்கிட்டிருக்கோம்."

அப்புறம் புயல் சேதச் செலவுகள் வந்தன. வாடகை மோட்டார், டீசல், நிவாரண முகாம் சாப்பாடு. எழுத்தர் அடுத்ததைப் படிக்கும்போது குரலைத் தாழ்த்தினார். ஒன்றும் விளங்கவில்லை.

"சத்தமாப் படிங்க."

அவர் தலைவரைப் பார்த்தார். பிறகு படித்தார். புயல் மழையால் சேதமடைந்த தலைவர் அறைத் திரைச்சீலைகளையும் சோபாவையும் மாற்றுவதற்கு மன்றத்தின் அனுமதி வேண்டப்படுகிறது.

யாரும் மேசையைத் தட்டவில்லை.  எனக்குக் காது அடைத்துக்கொண்டது. என்ன சொன்னேன் என்று மறுநாள் ஒரு பத்திரிகையில் படித்துத்தான் முழுசாகத் தெரிந்துகொண்டேன். சோபா நனைந்தால் புயல் சேதம், குழந்தைகள் தலைக்கு மேல் மரம் விழுந்தால் வேறு டிபார்ட்மென்டா என்று கேட்டேனாம். நிதி இல்லை என்று எனக்கு டீ கொடுத்துச் சொன்னவர் கையைத் தூக்குங்கள் என்றேனாம். ஆணையர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது மட்டும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

தலைவர் கூட்டத்தைக் கொஞ்ச நேரம் ஒத்திவைத்தார். என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அந்த சோபாவில்தான் உட்காரச் சொன்னார். காய்ந்துதான் இருந்தது. நான் உட்காரவில்லை.

"டேபிள் சப்ஜெக்ட்டா உங்க மரத்தை எடுத்துக்கறேன். அஜெண்டாவுல இல்லாட்டியும் பரவாயில்லை. மரத்தை எடுக்கறோம், கூரை போடறோம். சோபாவை விட்டுடறேன். நீங்க மீதிப் படிப்பை விட்டுடுங்க. எல்லாருக்கும் பசிக்குது."

ரூல்ஸ் எங்கே போயிற்று என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. எழுத்தர் கையில் இருந்த கட்டில் பாதிக்கு மேல் மீதி இருந்தது. அதில் என்னென்ன இருக்கிறதோ. வராண்டாவில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளை நினைத்தேன், ஆயாவின் காலை நினைத்தேன். சரி என்றேன்.

உள்ளே போனதும் மரத்துக்கான தீர்மானத்தைப் படித்தார்கள். அதோடு சேர்த்து மீதிப் பொருள் அத்தனையும். ஆல் பாஸ். எல்லாரும் சந்தோஷமாக மேசையைத் தட்டினார்கள், என்னைப் பார்த்துக்கொண்டே தட்டினார்கள். எனக்கு வெற்றி மாதிரியே இல்லை. எதையோ விற்றுவிட்டு வந்த மாதிரி இருந்தது. பிரியாணி சாப்பிடாமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

வீட்டு வாசலில் மாமா நின்றிருந்தார்.

"என்னை நாலு பேர் முன்னாடி அசிங்கப்படுத்திட்டே. சீட்டு வாங்கிக் குடுத்தவன் நான்."

"ஆமா மாமா. ஓட்டுப் போட்டவங்க வேற. போனைக் குடுங்க."

"எந்த போனை?"

"கவுன்சிலர் போனை. லெட்டர்பேடு, ஸ்டாம்ப் எல்லாத்தையும்."

என் கணவர் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இந்தத் தடவை அண்ணன் சொல்வதைக் கேள் என்று சொல்லவில்லை. எனக்காகவும் பேசவில்லை. மாமா போனைச் செருப்பு ஸ்டாண்டின் மேல் வைத்துவிட்டு, மற்றதை மறுநாள் ஆள் மூலம் அனுப்பினார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு அவர் வருவதில்லை. தீபாவளிக்கு என் கணவர் மட்டும் போய்வந்தார்.

மரத்தை அந்த வாரமே கிரேன் வைத்துத் தூக்கினார்கள். கூரைக்குத் தகரம் போட்டார்கள். சிமெண்ட் கூரை கேட்டதற்கு நிதி இல்லை என்றார்கள். ஆயாவின் கால் ஆற மூன்று மாதம் ஆனது. பாதத்தில் தோல் இழுத்துப்பிடித்து இன்னும் சாய்ந்துதான் நடக்கிறார். திரும்ப வேலைக்கு வந்த அன்று கூரையைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். நன்றி சொல்ல வருகிறார் என்று நினைத்தேன், முட்டாள்தனமாக.

"தகரத்த போட்டுட்டாங்கோ. வெயில் காலத்துல புள்ளைங்கோ இட்லி மாதிரி வெந்துடும். இத்தையா கேட்டுகினு வந்தே?"

எனக்குச் சுருக்கென்றது. அவரையே கூட்டிக்கொண்டு மறுபடி ஆணையரிடம் போனேன், கூரைக்கும் ஆயா காலுக்கான நஷ்டஈட்டுக்கும் சேர்த்து. வெளியே பெஞ்சில் ரொம்ப நேரம் காக்க வைத்தார்கள். பியூன் வந்து, "உங்க மாமா வரலையாம்மா?" என்று கேட்டார். "கவுன்சிலர் வந்திருக்கேன், போய்ச் சொல்லுங்க" என்றேன்.

ஆணையர் அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாம் என்றார். ஆயா காலைத் தூக்கி அவர் மேசை எதிரே இருந்த நாற்காலியில் வைத்தார்.

"பாத்துக்கோ சார். பட்ஜெட்டு வர்ற வரிக்கும் இது இப்டியேதான் கீது."

அவர் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அங்கேயே உட்கார்ந்து எழுதினேன், இரண்டு மனு, என் கையால். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டுத் தரும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்றேன். மத்தியானத்துக்கு மேல் ஆனது. போட்டுக் கொடுத்தார்கள்.

பஸ்ஸில் ஒரு சீட்தான் கிடைத்தது. ஆயா உட்கார்ந்தார், நான் கம்பியைப் பிடித்து நின்றேன்.  அவர் நிறுத்தம் வந்ததும் என் தோளைப் பிடித்து எழுந்து, கூட்டத்தைத் திட்டிக்கொண்டே இறங்கிப் போனார்.